கோப்பை வெடித்தால், வளைந்தால், வியர்த்தால்: சில்லில் செய்யும் ஸ்டோன்வேர் கோப்பைகளுக்குப் பிழை நீக்கும் வழி

சட்டியிலோ கிண்ணத்திலோ சின்னப் பிழை விட்டால் அது எப்படியோ சமாளித்துக்கொள்ளும். கோப்பை சமாளிக்காது. மண் மெல்லிசாக அகலப் பரவிக் கிடப்பதால் நடு ஒரு வேகத்திலும் விளிம்பு இன்னொரு வேகத்திலும் காய்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் கோப்பை என்று வரும் இடமெல்லாம் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் தட்டு என்று சொல்வது சூளைக்குள் கோப்பை வைக்கிற சூளைத் தட்டை. எங்கள் பக்கம் சோறு போட்டுச் சாப்பிடுவது கோப்பையில்தான்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குள் மின்சாரச் சில்லும் (மண் வனையும் சக்கரம்) மின்சாரச் சூளையும் வைத்துச் செய்கிறேன். முதல் வருசம் செய்ததில் பாதிக்கு மேல் உடைசலாகக் கிணற்றடி வாழைக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் சூளையைத்தான் திட்டினேன். சூளைக் கம்பி மாற்றினேன், வெப்பமானி மாற்றினேன். காசு போனது, வெடிப்பு போகவில்லை. என் கோப்பைகளில் பெரும்பாலானவை சூளைக்குள் போக முன்னமே கெட்டுவிட்டன என்பது பிறகுதான் பிடிபட்டது. அதனால் கீழே ஒவ்வொரு பிழைக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். சூளைக்கும் காசுக்கும் கடைசியில்தான் வருகிறேன். அந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

என் கணக்கு இது, உங்களுடையது கொஞ்சம் மாறலாம். ஒரு சோற்றுக் கோப்பைக்கு 1.7 கிலோ மண். ஈரத்தில் குறுக்களவு 31 சென்ரிமீற்றர். நான் வாங்கும் ஸ்டோன்வேர் மண், அதாவது கூடிய சூட்டில் கல் போல இறுகும் மண், காய்ந்து சுட்டு முடியும்போது 12 வீதம் சுருங்கும், ஆகவே கடைசியில் 27 சொச்சம் வரும். முதல் சுடுகை 1,000 பாகை. அதன்பின் கிளேஸ், அதாவது உருகிக் கண்ணாடி போலப் படியும் மேற்பூச்சு, பூசிச் சுடும் கிளேஸ் சுடுகை ஆறாம் நம்பர் கூம்பு விழும்வரை, அதாவது 1,220க்கும் 1,240க்கும் இடையில். கூம்பு என்பது சூளைக்குள் வைக்கிற, குறித்த சூட்டில் இளகிக் குனியும் சின்ன அளவுகோல், நம்பர் கூடினால் சூடும் கூட வேண்டும். பாகை என்பதெல்லாம் செல்சியஸ்.

## வெடிப்பு என்றால் முதலில்: அது எப்போது வந்தது?

இது தெரியாமல் மருந்து தேடினால் நான் போன வழியில்தான் போவீர்கள்.

இன்னும் சுடவில்லை. காய்ந்த கோப்பையில் சந்தேகமான இடத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவுங்கள். மண் அதைக் குடித்துவிடும், வெடிப்பு இருந்தால் அந்த இடம் மட்டும் கறுத்த கோடாக நிற்கும். மண்ணெண்ணெயின் ஈரம் முழுக்கப் போனபின் சூளையில் வைக்கலாம், மிச்சம் எரிந்துவிடும். தண்ணீர் தடவிப் பார்க்காதீர்கள். காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டால் இல்லாத வெடிப்பும் வரும்.

முதல் சுடுகை முடிந்தது. மூன்று விரல் நுனியில் கோப்பையை ஏந்தி, மற்றக் கை மொழியால் விளிம்பில் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் நல்லது. ‘டப்’ என்றால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ வெடிப்பு இருக்கிறது. அதற்குக் கிளேஸ் பூசி வீணாக்காதீர்கள்.

கிளேஸும் சுட்டாயிற்று. வெடிப்பின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தடவுங்கள். ஓரம் உருண்டு கிளேஸ் உள்ளே வழிந்திருந்தால் அது பழைய வெடிப்பு, கிளேஸ் உருக முன்னமே இருந்திருக்கிறது. ஓரம் உடைந்த கண்ணாடி போலக் கூராக இருந்தால் ஆறும்போது வந்தது. முன்னதற்குச் சில்லடிக்கும் காயவைத்த இடத்துக்கும் போங்கள். பின்னதற்கு, வெட்டியது போல இரண்டாகப் பிளந்தது பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## நடுவில் பாம்பு நெளிந்தது போல வெடிப்பு

கோப்பை செய்கிற எல்லோருக்கும் முதல் மாதத்தில் வருகிற பிழை இது.

மண் அமுக்கப்படவில்லை. பத்தில் எட்டுத் தடவை இதுதான். சுவரை மேலே இழுக்கும்போது அங்கே மண் இறுகுகிறது. அடியை வெறுமனே விரித்துவிட்டு விட்டால் அது தளர்ந்தபடியே கிடக்கிறது. என் கொட்டகைக்கு இடைக்கிடை வந்து போகிற அப்பு ஒருவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் சட்டி பானை செய்தவர். என் உடைசல் குவியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, சட்டிக்கு அடியைப் பலகையாலை தட்டித் தட்டி இறுக்கிறம். உன்ரை கோப்பைக்கு ஆர் தட்டினது?”

இப்போது நான் செய்வது இது. மண்ணை விரித்து அடி 10 மில்லிமீற்றர் தடிப்பில் நிற்கும்போது, விளிம்பு தேய்த்து மழமழப்பாக்கிய சிரட்டைத் துண்டு ஒன்றை எடுக்கிறேன். சில்லு மெதுவாகச் சுற்ற, நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு தடவை, விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒரு தடவை, இப்படி ஐந்தாறு முறை அழுத்தித் தேய்க்கிறேன். முதல் இரண்டு தடவை சிரட்டைக்கு முன்னால் குழைந்த சேறு திரளும். அதை வழித்து எறிந்துவிட வேண்டும். நாலாவது தடவை சேறு வராது, மண்ணின் மேல் ஒரு மங்கலான மினுக்கம் வரும், சிரட்டையின் சத்தமும் மாறும். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் விளிம்புக்குப் போகிறேன். சிரட்டை இல்லாவிட்டால் காலாவதியான வங்கி அட்டையும் நல்லாய்த்தான் வேலை செய்யும்.

நடுவில் தண்ணீர் தேங்கியது. வேலை முடிந்ததும் பஞ்சால் ஒற்றி எடுத்தீர்களா? கைப்பிடியளவு தண்ணீர் பத்து நிமிடம் நின்றாலே நடு ஊறிவிடும்.

அடி ஒரே தடிப்பில் இல்லை. ஒரு கோப்பையைப் பலி கொடுங்கள். சில்லில் இருக்கும்போதே தங்கூசியால் (தூண்டில் நைலோன் நூல்) குறுக்கே இரண்டாக வெட்டிப் பாருங்கள். நடு மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் அங்கேயே தெரியும். புதிதாகப் பழகுபவர்கள் வாரத்துக்கு ஒன்று இப்படி வெட்டலாம், மண் திரும்பக் குழைக்கத்தானே போகிறது.

பழைய மண்ணைச் சரியாகப் பிசையவில்லை. வெட்டிய முகத்தில் நிறம் வரி வரியாக, ஒரு வரி மென்மையாக, அடுத்தது இறுக்கமாக இருந்தால் இதுதான். இன்னும் பிசையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வந்தால் மண்ணை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். சுட்ட மண் பொடி கலந்த மண் கோப்பைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எங்களுக்கு ஸ்டோன்வேர் மண் தெற்கிலிருந்துதான் வரவேண்டும். களி தெடியாவலப் பக்கம், வெள்ளைக்களி மீட்டியாகொடையிலும் பொரலஸ்கமுவவிலும், மண்ணோடு கலக்கும் பெல்ட்ஸ்பார் கல் மாத்தளைப் பக்கம். லொறிக் கூலி மண் விலையோடு போட்டி போடும். ஒரு பை எடுத்துப் பத்துக் கோப்பை செய்து சுட்டுப் பாருங்கள், பிறகு மொத்தமாக எடுங்கள்.

## விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் வெடிப்பு

காற்று. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் வன்னியில் இருந்துகொண்டு முதலில் காற்றைச் சந்தேகப்படாமல் வேறெதைச் சந்தேகப்படுவது? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிகிற காலத்தில் தொடங்கும் கச்சான் காற்று ஆவணி, புரட்டாதி வரை சூடாகவும் வறட்சியாகவும் அடிக்கும். காலையில் செய்த கோப்பையின் விளிம்பு மத்தியானத்துக்குள் வெளிறிவிடும், நடு அப்போதும் சேறாகக் கிடக்கும். காய்ந்த விளிம்பு சுருங்கப் பார்க்கும், ஈர நடு விடாது. கிழியும்.

பார்க்கும் முறை: கோப்பையை முழங்கைக்குள் பக்கத்தாலோ கன்னத்தாலோ தொடுங்கள். ஈரமான இடம் குளிரும். விளிம்பு குளிராமல் நடு மட்டும் குளிர்ந்தால் காயவைப்பது பிழை.

செய்ய வேண்டியது, செலவு குறைந்ததிலிருந்து:

செய்து முடித்த அரை மணித்தியாலத்துக்குள் விளிம்பில் மட்டும் மெல்லிய பொலித்தீன் வளையம் போடுங்கள். சொப்பிங் பையை நீள வெட்டிச் சுற்றினால் போதும். நடு திறந்திருக்கட்டும்.

விளிம்பு தோல் பதத்துக்கு வந்ததும், அதாவது நகம் பதியும் ஆனால் விரல் ஒட்டாது என்ற நிலையில், இன்னொரு பலகையை மேலே வைத்து இரண்டு பலகைக்கும் நடுவில் கவிழ்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கவிழ்ந்தபடியே காயட்டும். விளிம்பு பலகையோடு ஒட்டிக் கிடப்பதால் மெதுவாகக் காயும், அடி மேலே வந்து காற்று வாங்கும்.

காற்றடிக்கும் பக்கத்துக்குத் தறப்பாள் கட்டுங்கள். தறப்பாள் இல்லாத வீடு வன்னியில் எங்கே இருக்கிறது? ஆனால் கோப்பைக்கு மேலேயே அதை மூடாதீர்கள், வியர்த்து ஒரு பக்கம் ஊறும். ஈரச் சாக்கு தொங்கவிட்ட ஒரு பழைய அலுமாரிதான் என்னிடம் கடைசியில் நிலைத்தது. கச்சான் காலத்தில் அதற்குள் ஐந்து நாள், மாரியில் வெளியே பத்து நாள்.

விளிம்பை மட்டும் கத்தி முனை போல மெல்லிசாக எடுத்திருந்தால் எந்த அலுமாரியும் காப்பாற்றாது. 5 மில்லிமீற்றருக்குக் குறைக்காதீர்கள், கடைசித் தடவையாக ஈரத் தோல் துண்டு ஒன்றை விளிம்பில் வைத்து அமுக்குங்கள்.

## அடி வளையத்தைச் சுற்றி வெடிப்பு

அடி பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். கோப்பை சுருங்கப் பார்க்க, பலகை பிடித்துக்கொண்டிருக்கிறது. செய்து முடித்த உடனேயே ஒரு தடவை தங்கூசி விடுங்கள், தோல் பதத்தில் இன்னொரு தடவை விடுங்கள். வார்னிஷ் அடித்த பலகை மண்ணை விடாது. வெறும் ப்ளைவுட்டே நல்லது.

அதுவும் சரி என்றால், கவிழ்த்து அடியைச் சீவிக் கோப்பை நிற்கும் வளையத்தை எடுக்கும்போது வளையத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஆழமாகப் போய்விட்டது. சீவ முன் ஒரு குண்டூசியை நடுவிலும் இரண்டு பக்கத்திலும் குத்தித் தடிப்புப் பார்த்துக்கொள்ளுங்கள். குத்திய ஓட்டையை விரலால் மூடினால் ஒன்றும் ஆகாது.

## முதல் சுடுகையில் துண்டு துண்டாகச் சிதறியது

ஈரம் போகவில்லை. மாரியில் கார்த்திகை, மார்கழி என்றால் கோப்பை வெள்ளையாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். சூளையை 90 பாகையில் நாலு மணித்தியாலம் நிறுத்துங்கள், மூடியை ஒரு விரல் திறந்து வையுங்கள். பிறகு பார்வைத் துளையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆவி படியாமல் தெளிவாக நின்றால் மணிக்கு 80 பாகை வீதம் 600 வரை, அதற்குப் பிறகு கொஞ்சம் வேகமாக.

சிதறாமல் நடுவால் நீளமாகப் பிளந்திருந்தால் தட்டையாகச் சூளைத் தட்டில் படுக்கவிட்டதாக இருக்கும். கீழே தட்டுச் சூடாக நேரம் எடுக்கும், விளிம்பு சுற்றியுள்ள கம்பியின் சூட்டை நேரே வாங்கும். சுட்ட மண்ணில் விரல் மொத்தத்தில் மூன்று குச்சி செய்து கோப்பையை அதன் மேல் வையுங்கள், கீழாலும் சூடு போகும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் அடுக்காதீர்கள்.

## வெட்டியது போல இரண்டாகப் பிளந்தது, ஓரம் கூர்

ஆறும்போது வந்த பிளவு. மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 பாகையில் சட்டென்று அளவு மாறும். சில மண்ணில் 226 பாகைப் பக்கமும் இன்னொரு மாற்றம் உண்டு. அந்த நேரத்தில் ஒரு பக்கம் குளிர்ந்தும் ஒரு பக்கம் சூடாகவும் இருந்தால் கோப்பை தாங்காது.

முதற் காரணம் அவசரம். ஒரு கல்யாண வீட்டுக்கு நாளைக்குக் கோப்பை வேண்டும் என்று நின்றதால் 250 பாகையில் மூடியைத் தூக்கினேன். வெளியே கச்சான். ஐந்து நிமிடத்துக்குள் உள்ளேயிருந்து ‘டிக், டிக்’ என்று பல்லி சொல்வது போலச் சத்தம். பல்லி நல்லது சொல்லவில்லை. இப்போது 100க்குக் கீழே வராமல் மூடியில் கை வைப்பதில்லை.

அடுத்தது, பார்வைத் துளையின் அடைப்பான் விழுந்து காற்று உள்ளே போனதா என்று பாருங்கள். துளைக்கு நேரே இருந்த கோப்பை மட்டும் பிளந்திருந்தால் அதுதான். அடுத்தது, உள்ளே தடிப்பாகவும் வெளியே ஒன்றுமே இல்லாமலும் கிளேஸ் பூசியிருந்தால் இழுவை ஒரு பக்கமாகும், அடியிலும் மெல்லியதாகப் பூசுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் மூன்று சுடுகையில் தொடர்ந்து பிளந்தால் மண்ணும் கிளேஸும் ஒத்துப்போகவில்லை. மண் விற்றவரிடம் எந்தக் கிளேஸ் அதற்குப் பொருந்தும் என்று கேளுங்கள்.

## வளைந்தது, ஆடுகிறது, அலை அலையாக நிற்கிறது

கோப்பையை ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்து விளிம்பில் ஒரு விரலால் அழுத்துங்கள். எப்படி வளைந்தது என்பதைப் பார்த்துத்தான் காரணம் பிரியும்.

### விளிம்பு ஒரு இடத்தில் மட்டும் தூக்கியிருக்கிறது

என்னோடு வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி ஈரக் கோப்பையைப் பலகையிலிருந்து எடுக்கும்போது இடது பெருவிரலை விளிம்பில் ஊன்றிவிட்டாள். விளிம்பு மேலே மடங்கியது. உடனே தட்டி நேராக்கினாள்.

“அக்கா, நேராத்தானே இருக்கு?”

நேராகத்தான் இருந்தது. காய்ந்தபோதும் நேர், முதல் சுடுகையிலும் நேர். அந்தக் கோப்பையின் அடியில் பென்சிலால் ஒரு அடையாளம் போட்டுவைத்தேன். கிளேஸ் சுடுகை முடிந்து திறந்தபோது, அதே இடத்தில், அதே பெருவிரல் அகலத்துக்கு விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது.

மண் மறக்காது. ஈரத்தில் வளைந்ததை நீங்கள் நேராக்கினாலும் 1,200 பாகையில் இளகும்போது திரும்பப் போய்விடும். ஆகவே ஈரக் கோப்பையைக் கையால் தூக்காதீர்கள், பலகையோடு தூக்குங்கள். கழற்றிப் போடக்கூடிய வட்டப் பலகை நாலைந்து இருந்தால் இந்தப் பிழையில் முக்கால்வாசி போய்விடும். தச்சரிடம் கொடுத்தால் ப்ளைவுட்டில் வெட்டித் தருவார்.

ஒரே பக்கம் வளைந்த கோப்பைகள் எல்லாம் சூளையில் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தவை என்றால் காரணம் வேறு. சுவருக்கும் விளிம்புக்கும் இடையில் 3 சென்ரிமீற்றராவது விடுங்கள்.

### விளிம்பு முழுக்க அலை

காய்ந்த முறையில் பிழை. ஒரு பக்கம் காற்றுப் பட்டது அல்லது பொலித்தீன் ஒரு பக்கம் விலகியது. விளிம்பு வெடிப்புக்குச் சொன்னதுதான் இதற்கும். இன்னொன்று, விளிம்பைத் தரைக்கு நேராக அகலப் படுக்கவிட்டால் சுடும்போது தொய்யும். நினைத்ததைவிட ஒரு விரல் உயரமாக விளிம்பை நிறுத்துங்கள், கடைசியில் தானாகக் கொஞ்சம் இறங்கிவிடும்.

### நடு தொய்ந்து நிலத்தைத் தொடுகிறது

அடி வளையம் விளிம்புப் பக்கம் அதிகம் தள்ளி இருந்தால் நடுவைத் தாங்க ஒன்றுமில்லை. 25 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கோப்பைக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு சின்ன வளையம் விட்டுச் சீவுங்கள். மாறாக வளையம் மிகச் சிறிதாக நடுவில் இருந்தால் விளிம்புதான் தொய்யும்.

### எல்லாமே ஆடுகின்றன

சூளைத் தட்டு வளைந்திருக்கிறது அல்லது தட்டுக்குப் பூசிய பழைய பூச்சு கட்டி பட்டிருக்கிறது. ஒரு நேரான இரும்பு அடிமட்டத்தைத் தட்டின் மேல் நிறுத்தி, பின்னால் டோர்ச் வெளிச்சம் பிடியுங்கள். கீழால் வெளிச்சம் வரும் இடம் பள்ளம். கட்டிகளைச் சுரண்டுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு. தட்டே வளைந்திருந்தால் சுத்தமாக்கித் திருப்பிப் போடுங்கள். புதுத் தட்டு வாங்குவது கடைசி வழி.

தட்டும் சரி, ஆனாலும் எல்லாம் தொய்கின்றன என்றால் சூடு கூடிப்போகிறது. 5, 6, 7 ஆம் நம்பர்க் கூம்புகளை வரிசையாக வைத்துச் சுடுங்கள். 5 படுத்து, 6 தலை குனிந்து, 7 நிமிர்ந்து நின்றால் சரி. 7உம் குனிந்திருந்தால் வெப்பமானி பொய் சொல்கிறது. வெப்பமானிக் கம்பி பழசாகப் பழசாக உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுவது வழக்கம்தான்.

கொஞ்சம் மட்டும் ஆடுகிற கோப்பையைச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து நேராக்கலாம். காய்ந்தபடி தேய்க்க வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்ப வராது.

## கழுவி வைத்த இடத்தில் ஈர வட்டம்

காலையில் கோப்பையைத் தூக்கினால் மேசையில் வளையமாக ஈரம். ஸ்டோன்வேர் இறுகவில்லை என்று அர்த்தம். நிறுத்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த கோப்பையைச் சமையல் தராசில் நிறுத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் தண்ணீரில் அவித்து, இரவு முழுக்க அதே தண்ணீரில் விட்டு, துடைத்துத் திரும்ப நிறுங்கள். 800 கிராம் கோப்பை 816 ஆனால் 2 வீதம், பரவாயில்லை. 824க்கு மேல் போனால் 3 வீதத்தைத் தாண்டிவிட்டது. அதை விற்காதீர்கள்.

கூம்பு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 6 நிமிர்ந்து நிற்கும். கூம்பு சரியாக விழுந்தும் குடிக்கிறது என்றால் மண் அந்தச் சூட்டுக்கு உரியதல்ல. பத்தாம் நம்பர் மண்ணை யாரோ ஆறாம் நம்பர் என்று விற்றிருக்கிறார்கள்.

## உப்பிக் கொப்பளித்தது

ஆசை யாருக்கும் வரும். குளக்கட்டடியில் கைக்குள் வெண்ணெய் போல உருளுகிற மண் கிடக்க, ஏன் தெற்கிலிருந்து லொறியில் கொண்டுவர வேண்டும்? நானும் பாதிக்குப் பாதி கலந்தேன். சில்லில் அருமையாக வந்தது. 1,220இல் கோப்பை தோசை போல உப்பி, தட்டோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் சிவந்த குளத்து மண் சட்டி பானைக்கும் ஓட்டுக்கும் உரியது, ஸ்டோன்வேர் சூட்டுக்கு முன்னமே இளகத் தொடங்கிவிடும். கலந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் 5 வீதத்தில் தொடங்கி, ஓரம் வைத்த சின்னத் தட்டம் ஒன்றுக்குள் வைத்துச் சுடுங்கள். உருகினாலும் சூளைத் தட்டு தப்பும்.

## கிளேஸில் வரும் தொல்லைகள்

கிளேஸ் விலகி வெறும் மண் தெரிகிறது. தூசி அல்லது எண்ணெய். தலைக்கு நல்லெண்ணெய் வைத்த கையால் கோப்பையைத் தொட்ட இடம் விரல் ரேகையோடு தெரிந்த நாளும் உண்டு. ஈரப் பஞ்சால் துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். பூச்சு காயும்போதே வெடித்தால் தடிப்பு கூடிவிட்டது.

குண்டூசித் துளைகள். முதல் சுடுகையை மெதுவாக்குங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் கிளேஸ் சுடுகையின் உச்சத்தில் 15 நிமிடம் நிறுத்துங்கள்.

வாளியில் கிளேஸ் தயிர் போலக் கட்டியாகிறது. உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை இருந்தால் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. மாரியில் தகரத்தால் விழும் மழைத்தண்ணீரைப் பரலில் பிடித்து வைத்துக் கரையுங்கள்.

சிலந்திவலை போலக் கோடுகள். தேத்தண்ணீர் ஊற்றித் துடைத்தால் நன்றாகத் தெரியும். கிளேஸ் மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்குகிறது. கலவையில் சிலிக்கா சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். விளிம்பில் கிளேஸ் செதிலாக உரிகிறது என்றால் இதற்கு நேர்மாறு. அந்தத் தொகுதியை அப்படியே உடைத்துவிடுங்கள், செதில் சோற்றுக்குள் போகும்.

அடி தட்டோடு ஒட்டியது. அடியிலிருந்து 3 மில்லிமீற்றர் உயரத்துக்குக் கிளேஸைத் துடையுங்கள். கடற்கரை மணலைத் தூவுகிற பழக்கம் எனக்கும் இருந்தது. முல்லைத்தீவு மணலில் சிப்பித்தூள் இருக்கிறது, சிப்பி சுண்ணாம்பு, அது சூட்டில் மண்ணோடு சேர்ந்து ஒட்டவைக்கும். அலுமினாவும் வெள்ளைக்களியும் சமமாகக் கரைத்துத் தட்டுக்குப் பூசுங்கள்.

கரண்டி போட்டால் சாம்பல் கோடு. கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கரண்டி கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. மங்கல் கிளேஸில் வரும். உள்பக்கத்துக்கு மினுங்கும் கிளேஸ் பூசுங்கள்.

நிறம் மாறுகிறது. பாதித் தேசிக்காயைக் கோப்பையில் கவிழ்த்து ஒரு இரவு விடுங்கள். அந்த வட்டம் வெளிறினால் சாப்பாட்டுக்கு ஆகாது. வெளிறாவிட்டாலும், எதனால் செய்தது என்று தெரியாத நிறத்தூள் போட்டிருந்தால் ஈயமும் கட்மியமும் அளக்கும் ஆய்வுகூடத்துக்கு ஒரு கோப்பை அனுப்பாமல் விற்காதீர்கள். புளிக்குழம்பு ஊற்றுகிற பாத்திரம் இது.

## சூளை ஏற மறுக்கிறது

1,150 வரை வந்து, அங்கேயே மணிக்கணக்கில் நிற்கிறது.

முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை ஊர் முழுக்க வெளிச்சமும் மோட்டரும் ஓடும், வோல்ட் இறங்கும். 230 வோல்ட் 210 ஆனால் சூளைக்குக் கிடைக்கும் சக்தி ஆறில் ஒரு பங்கு குறைகிறது. பின்னேரம் நாலு மணிக்குப் போட்டால் கடைசி ஏற்றம் 10.30க்குப் பிறகு விழும். இந்த ஒரு மாற்றத்தாலேயே என் சூளை ‘குணமாகிவிட்டது’, நான் ஏற்கெனவே கம்பி மாற்றிய பிறகு.

நடுவில் கரண்ட் போனால் திறக்காதீர்கள். வந்ததும் தொடருங்கள், கூம்பு சொல்வதை நம்புங்கள். ஐப்பசியில் பின்னேர இடி உள்ள நாட்களில் சூளை போடுவதே இல்லை.

பிறகு, எல்லாக் கம்பியும் சிவக்கிறதா என்று சூளை போட்ட அரை மணித்தியாலத்தில் துளையால் பாருங்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒரு வரிசை மட்டும் கறுத்திருந்தால் அந்தக் கம்பி அறுந்துவிட்டது.

இதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம். பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுந்தால், இணைப்புப் பெட்டியில் ரப்பர் கருகும் மணம் வந்தால், சூளையின் உடம்பைத் தொட்டால் கை விறுவிறுத்தால், மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வீட்டு வயரிங் மட்டும் செய்தவராக இல்லாமல், அரிசி ஆலை, ஐஸ் ஆலை மோட்டர்கள் பார்த்தவராக இருந்தால் நல்லது. அவரைக் கம்பிகளின் ஓம் அளவு (மின்தடை) எடுக்கச் சொல்லுங்கள். புதிதில் இருந்ததைவிட 10 வீதத்துக்கு மேல் கூடியிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் மாற்றுவது நல்லது. புதுக் கம்பி போட்ட அன்றே அளவை எடுத்து, சூளையின் பக்கத் தகரத்தில் மார்க்கரால் திகதியோடு எழுதிவிடுங்கள். என் சூளையில் அப்படி இரண்டு வரி இருக்கிறது. முதல் வரிக்குப் பக்கத்தில் ‘வீண் செலவு’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.